நெல் விவசாயத்துல பொம்பளைங்க வேலை நடவு மட்டும்தானா?

நடவோட முடியுறதா இருந்தா பரவாயில்லையே! நான் கூடலூர் பக்கம், இங்க வயல் இருக்குற வீட்டுல நாத்து பறிச்சு முடி முடியா (சின்ன சின்ன கட்டா) கட்டுறது, நடவு, களை, அறுப்பு, அப்புறம் அவிச்சு காயப்போடுறது, விதைநெல்லை தனியா எடுத்து வைக்கிறதுன்னு பாதிக்கு மேல அவங்கதான். ஆம்பளைங்க உழவு, வரப்பு, மருந்து அடிக்கிறது. மழையில பிளாஸ்டிக் கொங்காடை (தலையும் முதுகும் நனையாம மூடுறது) போட்டு குனிஞ்சபடியே பின்னாடி நகர்ந்து நடுவாங்க, சாயங்காலம் கால்விரல் இடுக்குல சேத்துப்புண், எங்கம்மா மஞ்சளும் எண்ணெயும் குழைச்சு தடவுவாங்க. இதுல கடுப்பு என்னன்னா பட்டா மட்டும் ஆம்பளை பேர்ல, 2015-16 வேளாண் கணக்கெடுப்புலயே நிலம் வச்சு விவசாயம் பண்றவங்கள்ல பெண்கள் இந்தியா முழுக்க சுமார் 14 சதவீதம்தான். பட்டா இல்லன்னா மத்திய அரசு விவசாயிங்களுக்கு குடுக்குற பிஎம் கிசான் பணமும் வராது. நடவு மெஷின் வந்தாலும் முதல்ல போறது இவங்க கூலிதான், எங்க பக்கம் சின்ன சின்ன வயல்ங்கிறதால இன்னும் கை நடவு ஓடுது.