டி.டி. கோப்பை ஒப்படைக்கும் முன்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் பதினாறு வயதளவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வின் டிசைன் அண்ட் டெக்னாலஜி (டி.டி.) பாடம் பற்றிய கேள்விகள் இவை. இதில் பிள்ளை ஒரு பொருளை வடிவமைத்துச் செய்து, செய்த விதத்தைக் கோப்பாக ஒப்படைக்க வேண்டும். எனக்குப் பழக்கம் ஏ.கியூ.ஏ. என்ற தேர்வு வாரியம்.

கோப்பு 34 பக்கம் வந்துவிட்டது சேர். குறைக்கவா?

குறையுங்கள். ஏ3 அளவில் 20 பக்கம்தான் எல்லை. மொத்தம் 100 மதிப்பெண்: ஆய்வுக்கு 10, விவரக்குறிப்புக்கு (பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியல்) 10. யோசனைகள், மேம்பாடு, செய்முறை, மதிப்பீடு நான்குக்கும் தலா 20. இணையத்தில் எடுத்து ஒட்டிய கடைப்பொருள் படங்களை முதலில் தூக்குங்கள்.

மதிப்பீட்டில் என்ன எழுதுவது?

"நன்றாக வந்தது" என்று எழுதாதே தம்பி. பாட்டிக்கு மாத்திரைப் பெட்டி செய்தாயா? கை நடுங்குபவரால் மூடியைத் திறக்க முடிந்ததா? அவர் சொன்னதை எழுது, அதனால் நீ மாற்றியதை வரைந்து காட்டு. விவரக்குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை வேண்டும். செய்யும்போதே படம் எடு. பள்ளி போட்ட மதிப்பெண்ணைச் சரிபார்க்கும் வாரியத்தின் மாடரேட்டர் உன் வேலையைக் கோப்பின் வழியாகத்தான் பார்ப்பார்.

நான் தச்சுவேலை செய்பவன். மகள் கையால் டவ்டெயில் (புறாவால் வடிவில் பலகைகளைக் கோக்கும்) இணைப்புப் போட்டாள். லேசரில் வெட்டிய பையனுக்கும் அதே மதிப்பெண்ணா?

கிடைக்கலாம் அண்ணே. பார்ப்பது துல்லியத்தையும், பொருளுக்கேற்ற கருவியைத் தேர்ந்த விதத்தையும், தரச் சோதனையையும்.

பொத்தானை அழுத்துவது கைவேலையா?

அழுத்துவதற்கு மதிப்பெண் இல்லை. வரைபடம் அவனுடையதா? லேசர் தின்னும் அகலத்தைக் கணக்கிட்டானா? முதல் வெட்டு தளர்ந்தபோது எத்தனை மில்லிமீட்டர் மாற்றினான்? இது கோப்பில் இருந்தால்தான் மதிப்பு.

அண்ணர் சொல்வது சரி. உளி பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு என்ன தொழில்நுட்பம்?

உளியை நானும் விரும்புகிறேன். ஆனால் கோடு போட்டது, அறுத்தது, பொருத்திப் பார்த்தது எதற்கும் படம் இல்லாமல் முடிந்த பெட்டியை மட்டும் காட்டினால் அந்த டவ்டெயிலும் பாதி வீண். மகளிடம் கேளுங்கள், படம் இருக்கிறதா என்று.

இல்லை. வார்னிஷையாவது நான் வீட்டில் அடித்துத் தரவா?

வேண்டவே வேண்டாம். இது மாணவியின் சொந்த வேலை என்று அவளும் ஆசிரியரும் கையெழுத்திட வேண்டும்.

வாரியத்தின் கெடு மே மாதம்தானே? பள்ளி ஏன் அவசரப்படுத்துகிறது?

அது பள்ளி மதிப்பெண் அனுப்பும் கெடு. அதற்குள் ஆசிரியர் திருத்தி, பிள்ளைக்கு மதிப்பெண்ணைச் சொல்லி, மறுபார்வை கேட்க அவகாசமும் தர வேண்டும்.

செய்யும்போது படம் எடுக்கவில்லை. பரவாயில்லையா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

இன்னொரு வாரியமான எடெக்ஸெல்லுக்கும் இதே பக்கக் கணக்கா?

உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.