சிபிடி எண்ணெய்க்கு முன் குளோபசாமைக் கவனியுங்கள்

வணக்கம். ஆட்டிசமும் வலிப்பும் உள்ள மகன் குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறான், தூக்கத்துக்கும் ஆத்திரத்துக்கும் இணையத்தில் விற்கும், கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டரிடம் சொல்லாமல் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

குளோபசாம் கல்லீரலில் உடைந்து வரும் பொருளும் மருந்தாகவே வேலை செய்யும். அதைக் கழிக்கும் நொதியை சிபிடி தடுத்துவிடும். மாத்திரை அளவு மாறாமலே ரத்தத்தில் அது ஏறி, பிள்ளை பகலெல்லாம் சோர்ந்து கிடப்பான். நாமோ ‘அமைதியாகிவிட்டான், எண்ணெய் நன்றாகக் கேட்கிறது’ என்று நினைத்துக்கொள்வோம். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் கொடுத்தால் கல்லீரலுக்கும் ஆபத்து.

2018இல் அமெரிக்கா அனுமதித்த எபிடியோலெக்ஸ் என்ற சிபிடி மருந்து டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ போன்ற கடும் வலிப்பு நோய்களுக்கானது. ஆட்டிசத்துக்கு இல்லை, அதில் நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருட்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், 18இல் போதை தரும் டிஎச்சி இருந்தது.

அப்புறம், பல்வலி, மலச்சிக்கல், இரவில் வரும் வலிப்பு எதுவும் தூக்கத்தைக் கெடுக்கலாம். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை அதை ஆத்திரமாகத்தான் காட்டும். முதலில் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே எண்ணெய் கொடுத்திருந்தால் தயங்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.