பாறைமேல் கற்திட்டை, சரிவில் சாலை

கேள்வி: எங்கள் ஊர் பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம். காப்பித் தோட்டங்களுக்குப் போகும் சாலையை அகலப்படுத்த அளவுக்கல் நட்டுவிட்டார்கள். சாலைக்கு மேலே பாறையில் இரண்டு கற்திட்டைகள் (பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பழங்கால ஈமச்சின்னங்கள்) இருக்கின்றன. வேலை தொடங்கும் முன் சோதனைக் குழி போட்டுப் பார்க்கும்படி மனு கொடுக்கலாம் என்றால், "பாறையில் எதைத் தோண்டுவது? சாலைதான் நின்றுபோகும்" என்கிறார்கள் பெரியவர்கள். என்ன சொல்லட்டும்?

பதில்: மனுவை இந்த வாரமே எழுதுங்கள். பெரியவர்கள் சொல்வதில் பாதி சரி. பழனி மலைக் கற்திட்டைகள் பல, வெறும் பாறைமேல் எழுப்பப்பட்டவை. ஆங்லாத், நியூட்டன் என்ற இரண்டு ஏசுசபைத் துறவிகள் இந்த மலையெங்கும் நடந்து அவற்றை அளந்து எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. திட்டைக்குள் தோண்ட மண் குறைவுதான்.

ஆனால் சாலை போவது பாறைமேல் இல்லையே, அதன் கீழ்ச்சரிவில் அல்லவா? மலையில் எதுவும் இருந்த இடத்தில் இருப்பதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் பெய்த மழை மேலிருந்து மண்ணைக் கொண்டுவந்து பள்ளத்தை மூடியிருக்கும். பழைய தரை அதன் அடியில் கிடக்கலாம். மேலே களை கொத்துகிறவருக்கு ஒரு பானை ஓடுகூடத் தட்டுப்படாது. அதனால்தான் குழி வேண்டும். மனிதக் கை படாத கன்னி மண் தெரியும் வரை இறங்க வேண்டும். முழங்கால் ஆழத்தோடு நிறுத்திவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதிக்கொடுப்பதை நான் ஒப்பவே மாட்டேன்.

அகழாய்வுக் குழிகளின் சுவர்களை அளந்து வரைவதுதான் என் வேலையாக இருந்தது. சுவரைச் செதுக்கி லேசாகத் தண்ணீர் தெளித்தால் மண்ணின் நிறங்கள் பிரிந்து நிற்கும். அடுப்புச் சாம்பல் படிந்த இடம், மரத்தூண் நட்ட குழி, மழை இழுத்து வந்த சரளை எல்லாம் தனித்தனியாகத் தெரியும். கறுப்பு-சிவப்பு ஓடு, அதாவது கறுப்பும் சிவப்புமான பழங்காலப் பானைத் துண்டு கிடைத்தால் அதன் விளிம்பைத் தடவிப் பாருங்கள். மழுங்கியிருந்தால் மேலிருந்து உருண்டு வந்ததாக இருக்கலாம். கூராக இருந்து, பக்கத்திலேயே அதே பானையின் துண்டுகளும் கிடந்தால், அது அங்கேயே உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஈமச்சின்னங்களைக் கட்டியவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு இப்படிப்பட்ட சாட்சியம்தான் வழிகாட்டும். உங்கள் தாண்டிக்குடியிலேயே பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்திருக்கிறார் என்பதைப் பெரியவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

சாலை நிற்குமா? சோதனைக் குழி சாலையின் முழு அகலத்தையும் தோண்டுவதில்லை. இடைவெளி விட்டுச் சில இடங்களில் மட்டும் போடுவார்கள். முக்கியமாக எதுவும் அகப்பட்டால் அந்த இடத்தை விரிவாகத் தோண்டிப் பதிவு செய்யலாம், அல்லது வளைவைச் சற்றுத் தள்ளிப் போடலாம். நாகார்ஜுனசாகர் அணை நீர் ஏறும் முன் 1954 முதல் 1960 வரை பழைய பௌத்த நகரமான நாகார்ஜுனகொண்டாவைத் தோண்டி ஆவணப்படுத்தினார்கள், அணையும் எழுந்தது.

மனுவை மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். கிராம சபைத் தீர்மானம் ஒன்றும் இருந்தால் நல்லது. அகழாய்வுக்கு மத்திய தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், அதற்கு நாளாகும். பொறுமை இழந்து நீங்களே மண்வெட்டியை எடுத்துவிடாதீர்கள். திட்டைகளின் நான்கு பக்கத்தையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள். தடுப்புச்சுவர் கட்டக் கல் தேடுகிறவர்களுக்கு அந்தப் பலகைக் கற்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எனக்கு அதுதான் பெரிய கவலை.

கேள்வி: மண் வெட்டும்போது முழுப் பானை வந்தால்? (அதே வாசகர்)

பதில்: எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். உள்ளே இருக்கும் மண்தான் பானையைவிட மதிப்பு மிக்கதாக இருக்கலாம். பழனிக்கு அருகே பொருந்தலில் ஈமச்சின்னம் ஒன்றிலிருந்த ஜாடியில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது; அதை வைத்தே கி.மு. 5-ஆம் நூற்றாண்டு என்று காலம் கணித்தார்கள். யாராவது அன்று அந்த ஜாடியைக் குழாயடியில் கவிழ்த்திருந்தால் அந்தக் கணிப்பே இல்லை. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்ததை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக்கொடுப்பதிலிருந்து தொடங்குங்கள். மழை வரும் போலிருந்தால் தார்ப்பாயை விரித்து ஓரங்களில் கல் வைத்துவிட்டுப் போங்கள்.