ரசத்தில் கலந்த மாத்திரை

வணக்கம் சார்,

நான் கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். பெயர் போட வேண்டாம். எங்கள் தெருவில் உங்களைப் படிக்கிறவர் ஒருவர் இருந்தால்கூடப் போதும், எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

தம்பிக்கு 24 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு மணலியில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், கூட வேலை செய்கிறவர்கள் தன்னைப் பற்றியே போனில் பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். அப்புறம் எதிர்வீட்டு டிவியில் தன் பெயர் வருகிறது என்றான். காத்து சேட்டை என்று தர்காவுக்கும் சோளிங்கருக்கும் கூட்டிப்போனோம். கடைசியில் ஒரு டாக்டர் மனச்சிதைவு நோய் என்று சொல்லி ஓலான்சபைன் எழுதிக்கொடுத்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் பைத்தியம்" என்று தம்பி மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டான். அன்றிலிருந்து அம்மா அதைப் பொடி பண்ணி ராத்திரி ரசத்தில் கலந்து கொடுக்கிறார். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறோம். டாக்டரைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

குரல் கேட்பது குறைந்திருக்கிறது. சத்தம் போடுவதில்லை. ஆனால் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். குளிப்பதில்லை. உடம்பு பெருத்துவிட்டது. எங்களுடையது ஒரு ஹால், ஒரு சமையலறை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவும் வீட்டில்தான் இருக்கிறார். "தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறான், சோம்பேறி" என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். போன மாதத்திலிருந்து தம்பி சோற்றை முகர்ந்து பார்க்கிறான். "இதுல என்னத்தப் போட்ட?" என்று கேட்கிறான். அம்மா சாமி மேல் சத்தியம் பண்ணுகிறார்.

நாங்கள் செய்வது தப்பா? நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுமே? எனக்கு வேறு வரன் பார்க்கிறார்கள். தம்பியைப் பற்றி மூச்சு விடாதே என்கிறார் அம்மா. எனக்குப் பிறக்கும் பிள்ளைக்கு வருமா என்றும் பயமாக இருக்கிறது.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒன்று. இதைப் படித்துவிட்டு இன்றைக்கே ரசத்தில் கலப்பதை நிறுத்திவிடாதீர்கள். இந்த மருந்தைத் திடீரென்று விட்டால் தூக்கம் போகும், சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் திரும்பி வருவதற்கான வாய்ப்பு மிக அதிகம். நான் மருத்துவன் இல்லை. இந்த நோயோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன், அவ்வளவுதான். அந்த அளவுக்கு என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

தப்பா என்று கேட்கிறீர்கள். உங்கள் அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி தெரியாத எத்தனையோ வீடுகளில் காபியிலும் குழம்பிலும் இது நடக்கிறது. மனநல மருத்துவர்களுக்கும் இது புதிய செய்தி இல்லை. ஆனால் தம்பியின் பக்கம் உட்கார்ந்து ஒரு நிமிடம் யோசியுங்கள். சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்பது இந்த நோயில் மிகச் சாதாரணமாக வருகிற சந்தேகம். உங்கள் வீட்டில் அது சந்தேகம் இல்லை, நடக்கிற உண்மை. அவர் முகர்ந்து பார்த்தது சரி, கேட்ட கேள்வியும் சரி. பதிலுக்குக் கிடைத்தது பொய்ச் சத்தியம். தன் காதில் விழுவதில் எது நிஜம், எது நோய் என்று பிரித்துப் பார்க்க, வீட்டு மனிதர்களின் வார்த்தையைத் தவிர அவருக்கு வேறு என்ன இருக்கிறது? அதைத்தான் நீங்கள் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஓலான்சபைன் பலருக்குத் தூக்கத்தையும் அகோரப் பசியையும் கொடுக்கும். எடை ஏறும், சர்க்கரை ஏறலாம். உங்கள் தம்பியின் உடம்பு பெருத்ததில் மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம். காரணம் தெரிந்த ஒருவர் டாக்டரிடம் போய், "இது ஒத்துக்கல, மாத்திக் கொடுங்க" என்று சொல்வார். தெரியாதவர் என்ன நினைப்பார்? எனக்கு ஏதோ செய்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். ரசம் வேண்டாம் என்று அவர் ஒதுக்குகிற நாளில் மருந்தும் இல்லை. மறுநாள் முழு அளவு. போதாததற்கு, பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் இந்த மருந்து ரத்தத்தில் நிற்கும் அளவும் குறையும். டாக்டருக்கு இதெல்லாம் தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும். ஒரு வருடமாகச் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்காமல் பழைய சீட்டில் வாங்கிக் கொடுப்பதுதான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகக் கவலை தந்த விஷயம்.

என் சித்தப்பா ஒருவர், தண்டையார்பேட்டையில் எங்களோடு இருந்தவர், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். எண்பதுகளின் கடைசியில் சித்தியும் அவருக்கு இதையேதான் செய்தார். ஒரு நாள் மாத்திரைப் பட்டையைச் சித்தப்பா குப்பையில் பார்த்துவிட்டார். அதன்பிறகு தோல் இருக்கிற பண்டத்தைத்தான் தின்பார்: வாழைப்பழம், வேர்க்கடலை, அவித்த முட்டை. உரிப்பதும் அவர் கையாலேயேதான். கடையில் கட்டிக்கொண்டு வந்த பொட்டலத்தையும் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஆள் பாதியாகிவிட்டார். பிறகு ஒரு டாக்டர் நோயைப் பற்றியே பேசாமல், "ராத்திரி தூக்கம் வருதா? மூணு மணிக்கு எழுந்து என்ன பண்றீங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். தூக்கம் இல்லை என்பதைச் சித்தப்பா ஒப்புக்கொள்வார், நோய் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த வழியாகத்தான் மருந்து மறுபடி உள்ளே வந்தது. மாத்திரையா, பதினைந்து நாளுக்கு ஒரு ஊசியா என்று டாக்டர் கேட்டபோது அவர் ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "ஊசின்னா கண்ணுக்குத் தெரியுதுல்ல" என்றார். பல வருடம் அப்படியே போட்டுக்கொண்டார், ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய் வந்தார். நோய் இருக்கிறது என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

தனக்கு நோய் இல்லை என்று உங்கள் தம்பி சொல்வது பிடிவாதம் இல்லை. நோயை உணரும் திறனையே இந்த நோய் பலரிடம் பறித்துவிடுகிறது. அதனால் "உனக்கு நோய், ஒத்துக்கோ" என்கிற வாதத்தில் யாரும் ஜெயித்ததில்லை. அமெரிக்க உளவியலாளர் சேவியர் அமடோர், கூடப்பிறந்தவரிடமே இப்படி வருடக்கணக்கில் மல்லுக்கட்டிப் பார்த்தவர், பிறகு வேறு வழிக்கு வந்தார்: வாதத்தை விடு, காது கொடுத்துக் கேள், இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிற ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள். உங்கள் தம்பிக்கே தொந்தரவாக இருப்பது எது? ஏறிய எடையா, அசதியா, வேலை போனதா? அதற்காக டாக்டரைப் பார்க்கலாம் என்று கேளுங்கள். குரலைப் பற்றி அவர் பேசினால், "எனக்குக் கேக்கல. ஆனா உனக்குக் கேட்டா பயமாத்தானே இருக்கும்" என்று சொல்லலாம். அதில் பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் தம்பி இல்லாமல் டாக்டரிடம் போவது. மாத்திரையின் பெயர், மில்லிகிராம், எத்தனை நாளாகக் கலக்கிறீர்கள், எந்தெந்த நாளில் தவறியது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். டாக்டர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ரசத்திலிருந்து மாத்திரையை வெளியே கொண்டுவருவது எப்படி, தம்பியிடம் யார் எப்போது சொல்வது என்பதை அவரோடு சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை போடுகிற ஊசிகளும் இப்போது இருக்கின்றன. அம்மா சத்தியம் பண்ணுவதை மட்டும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு டாக்டர் வேண்டாம்.

பழைய டாக்டரிடம் போகக் கூச்சமாக இருந்தால், உங்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான், அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் தூரமில்லை. (வடசென்னையில் பிறந்தவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் என்றாலே அது ஊர்ப் பெயராகக் காதில் விழாது, வசவாகத்தான் விழும். பள்ளிக்கூடத்தில் நானும் வாங்கியிருக்கிறேன்.) அந்த மருத்துவமனைக்குப் பல வருடம் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கியதுதான் அண்ணா நகரில் இருக்கும் ஸ்கார்ஃப். மனச்சிதைவுக்கென்றே இருக்கிற அமைப்பு, குடும்பத்தாரோடும் உட்கார்ந்து பேசுவார்கள். வீட்டிலிருந்தே முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

அப்பாவுக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் மாத்திரையைவிடப் பெரிய விஷயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும் இந்த நோயின் ஒரு பாதி. பேச்சு குறைவது, முகத்தில் சலனம் இல்லாமல் போவது, எழுந்து குளிக்கக்கூட உந்துதல் இல்லாமல் கிடப்பது இன்னொரு பாதி. மருந்து முதல் பாதியை அடக்குகிற அளவுக்கு இரண்டாவதைத் தொடுவதில்லை. கத்துகிறவரைப் பார்த்து நோயாளி என்று ஊரே இரக்கப்படும். அவரே அமைதியாகப் படுத்துவிட்டால் சோம்பேறி ஆகிவிடுகிறார். கப்பலில் மூட்டை தூக்கிய காலத்தைப் பார்த்த மனிதருக்கு, 24 வயதுப் பையன் பகலில் படுத்திருப்பதைப் பார்க்க எப்படி இருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்த ஏச்சுக்கு விலை உண்டு. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூக ஆய்வாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் போனார். பெற்றோரிடமும் மனைவியிடமும் திரும்பியவர்களுக்கு, வாடகை அறையில் தங்கியவர்களைவிட அதிகமாக நோய் திரும்பியிருந்தது. குடும்பம்தான் மருந்து என்று நம்புகிற நமக்கு இது கசக்கும். காரணத்தைத் தோண்டியபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன: ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பது. உங்கள் அப்பா முதலாவது என்றால் அம்மா மூன்றாவது. அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லின. கொருக்குப்பேட்டையில் ஒரே ஹால் இருக்கிற வீட்டில், திங்கட்கிழமை ஆரம்பித்தால் புதன்கிழமை டிபனுக்குள் அந்த 35 மணி நேரம் தீர்ந்துவிடும்.

வீட்டைப் பெரிதாக்க முடியாது. நேரத்தைப் பிரிக்கலாம். அப்பா காலையில் இரண்டு மணி நேரம் நூலகத்துக்கோ கோயில் திண்ணைக்கோ போகட்டும். அவரை அனுப்புவதுதான் சுலபம், தம்பியை அனுப்புவது அல்ல. ஹாலில் ஒரு மூலைக்குத் திரை கட்டிக் கொடுங்கள். குளி, சாப்பிடு, வேலைக்குப் போ என்று ஒரே மூச்சில் மூன்று சொல்லாமல், ஒரு நாளைக்கு ஒரே ஒரு காரியம் கேளுங்கள். தண்ணீர் லாரி வரும்போது இரண்டு குடம் பிடித்துத் தரச் சொல்லுங்கள். செய்தால் ஆகா ஓகோ என்று கொண்டாட வேண்டாம், செய்யாவிட்டால் விட்டுவிடுங்கள். படுத்துக்கிடப்பதில் எவ்வளவு நோய், எவ்வளவு மருந்து மயக்கம், எவ்வளவு மனச்சோர்வு என்று டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும். அதைக் கட்டாயம் கேளுங்கள். இந்த நோய் உள்ளவர்களில் தற்கொலை மற்றவர்களைவிட அதிகம். சாவைப் பற்றிப் பேசினாலோ, தொடர்ந்து இரண்டு மூன்று ராத்திரி தூங்காமல் இருந்தாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே கூட்டிப்போங்கள்.

அவர் வர மறுத்து நிலைமை கைமீறினால் என்ன செய்வது? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. தனக்காக முடிவெடுக்க இன்னார் என்று ஒருவரைத் தம்பி வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நியமிக்கலாம். நிலைமை மோசமாகி, இரண்டு மருத்துவ வல்லுநர்கள் தனித்தனியே பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று சொன்னால், அந்த நியமனதாரரின் விண்ணப்பத்தின் பேரில் 30 நாள் வரை அனுமதிக்கலாம். தெளிவாக இருக்கிற நாளில், நாளை எனக்கு உடம்பு சரியில்லாமல் போனால் இந்தச் சிகிச்சை கொடுங்கள், இது வேண்டாம் என்றும் அவரே முன்கூட்டி எழுதி வைக்கலாம். ரசத்துக்குப் பதிலாக நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் இந்தத் தாள்தான் என்பேன். சங்கிலி போடுவதை இதே சட்டம் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியோடு எரிந்துபோன 28 பேருக்குப் பிறகும் அதைச் சட்டத்தில் எழுத நமக்கு 16 வருடம் ஆனது. தர்காவுக்கும் சோளிங்கருக்கும் போனதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை, போகிற நாளிலும் மாத்திரை தவறாமல் இருந்தால் சரி.

கல்யாண விஷயம். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரக்கூடிய நோய் இது. கூடப்பிறந்தவருடைய பிள்ளைகளுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். உருவமும் ரத்தமும் ஒன்றாக இருக்கிற இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டுவதில்லை. பயந்து கல்யாணத்தைத் தள்ளிப்போட இது ஒரு காரணமே இல்லை. மறைக்க வேண்டாம் என்பது என் கட்சி. கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் தம்பியோடு உங்களையும் சேர்த்துப் பேசுவார்கள். ஆனால் பெண் பார்க்க வருகிற பத்துப் பேருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு கூடிவருகிறது என்று தெரிந்ததும், நிச்சயத்துக்கு முன்னால், பையனிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். தரகர் வழியாக மட்டும் வேண்டாம்.

டாக்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அதை இங்கே போட மாட்டேன்.

அன்புடன்.