கொழும்பில் அவசரப் பை: அலமாரியின் கீழ்த்தட்டு ஆகாது

தம்பி, அடுத்த மாதம் மனைவி, மூன்று வயது மகளோடு கோயம்புத்தூரிலிருந்து கொழும்பை ஒட்டிய தெஹிவளைக்குக் குடிவருகிறீர்கள், ஏழாம் மாடியில் வீடு, பழைய ஜப்பான் கார் ஒன்றும் பேசி முடித்தாகிவிட்டது. வீட்டுக்கும் காருக்கும் அவசரப் பை கட்ட என்னென்ன வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கூடவே அனுப்பிய பட்டியலையும் படித்தேன். பனி அள்ளும் மண்வெட்டி வரை அதில் இருக்கிறது! அதை எழுதியவர் வேறு வானத்துக்குப் பயந்தவர். கொழும்பில் நாம் பயப்பட வேண்டியவை இரண்டு. தண்ணீர் வரும், கரண்ட் போகும். பல நாள் இரண்டும் கைகோத்துக்கொண்டே நடக்கும்.

நான் 2012-இல் திருச்சியிலிருந்து வந்தவள். வாடகை குறைவு என்று முதலில் வெல்லம்பிட்டியில் தரைத்தள வீடு எடுத்தோம். அங்கே நானும் சமர்த்தாக ஒரு பை கட்டி வைத்திருந்தேன். டோர்ச், மருந்து, பாஸ்போர்ட், பிஸ்கட் எல்லாம் அதில் இருந்தன. வைத்த இடம் அலமாரியின் கீழ்த்தட்டு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது, விடிவதற்குள் வீட்டில் முழங்காலளவு தண்ணீர். எல்லாவற்றுக்கும் முன்னால் நனைந்தது அந்தப் பைதான். வெள்ளவத்தையில் தெரிந்தவர் வீட்டு மின்விசிறிக்குக் கீழே பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தேன். விசா முத்திரையின் மை எதிர்ப்பக்கத்திலும் பதிந்திருந்தது. இப்போது பை படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், தோள் உயரத்து ஆணியில் தொங்குகிறது. பத்திரங்கள் எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள்.

ஏழாம் மாடிக்கு வெள்ளம் ஏறாது. ஆனால் கரண்ட் போனால் லிப்ட் நிற்கும், மோட்டார் ஓடாது, மொட்டைமாடித் தொட்டி மெல்ல வற்றும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையில் நாடு முழுவதும் கரண்ட் போனது. எங்கள் வாஷிங் மெஷின் பாதித் துவையலில் நின்றது. ஆகவே வீட்டுத் தரகர் 'ஜெனரேட்டர் இருக்கிறது' என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள்ளும் கரண்ட் வருமா, லிப்டுக்கும் மோட்டாருக்கும் மட்டுமா, டீசல் எத்தனை மணிநேரம் தாங்கும் என்று கேளுங்கள்.

தண்ணீருக்கு என் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். மூன்று பேருக்கு மூன்று நாள் என்றால் 36 லிட்டர். 19 லிட்டர் கேன் இரண்டு வாங்கினால் முடிந்தது. சாப்பாட்டுக்குத் தனியாக எதுவும் வாங்காதீர்கள். இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் சமபோஷா என்ற சத்துமாவு, பால்மா என்கிற பால்பவுடர், கிரீம் கிராக்கர், டின் மீன் போதும். சமபோஷாவை அடுப்பில்லாமலே தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடிக்கலாம். உங்கள் மகளுக்குப் பிடித்துவிட்டால் அவசரம் வரும்வரை மிஞ்சாது. 2022-இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றவள் என்பதால், பெரிய சிலிண்டரோடு 2.3 கிலோ சின்னது ஒன்றையும் வைத்திருக்கிறேன்.

பவர் பேங்க் கொண்டுவாருங்கள். ஆனால் அதன் சார்ஜர் நம் ஊர் உருண்டை முனைக்காரன். இங்கே புது மாடிகளில் பெரும்பாலும் சதுர முனை 13 ஆம்பியர்தான். மாற்று பிளக் ஒன்றைப் பைக்குள்ளேயே போடுங்கள். பாட்டரியில் ஓடும் சின்ன எப்எம் வானொலியை யாரும் மதிப்பதில்லை. கைப்பேசிக் கோபுரமும் கரண்டை நம்பித்தான் நிற்கிறது என்பது நீண்ட மின்வெட்டில்தான் புரியும். சில்லறையாகக் கொஞ்சம் பணமும் வேண்டும். இருட்டில் கார்டு தேய்க்க முடியாது.

மருந்துக் கடையில் குரோசின் கேட்டால் விழிப்பார்கள். பனடோல் என்று கேளுங்கள். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொடிக்கு இங்கே ஜீவனி. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம், அதனால் இபுபுரூஃபன், ஆஸ்பிரின் பக்கம் போகாதீர்கள்.

இனி, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்று. வீட்டு முகவரியைச் சிங்களத்தில் எழுதிய அட்டை. ஒருமுறை மாமியாருக்கு மூச்சுத் திணறியபோது எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் எங்கோ போய்விட்டது. பக்கத்து வீட்டு அம்மாதான் போனை வாங்கி வழி சொன்னார். மறுநாள் அவரையே எழுதித் தரச் சொல்லி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். அதே அட்டையில் 1990 இருக்கிறது. அது இலவச ஆம்புலன்ஸ், 2016-இல் இந்திய உதவியோடு தொடங்கியது. போலீஸ் 119, தீயணைப்பு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையம், அதாவது நம் ஊர்ப் பேரிடர் மேலாண்மை, 117. எச்சரிக்கைகள் பல சமயம் சிங்களத்தில்தான் முந்தி வரும். 'கங்வதுர' என்றால் வெள்ளம், 'நாயயாம' என்றால் மண்சரிவு. நுவரெலியா பார்க்கக் கிளம்பும் முன் மண்சரிவு எச்சரிக்கையின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, சிவப்பு என்றால் வெளியேறு. 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் மஞ்சளுக்கே பயணம் ரத்து.

காருக்கு வருவோம். வாங்கியவுடன் டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த பல சின்னக் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சர் திரவக் குப்பியும் சின்னக் காற்றடிப்பானும்தான் இருக்கும். என்னுடையதில் செய்முறை முழுக்க ஜப்பானிய எழுத்து. புத்தளம் போகும் வழியில், இருட்டில், படத்தை மட்டும் பார்த்துக் குழாயைத் தலைகீழாக மாட்டி, வெள்ளைத் திரவம் முழுவதையும் என் செருப்பில் ஊற்றினேன். முன் இருக்கைக்காரரின் கால் பக்கம் செருகியிருக்கும் சிவப்புக் குச்சி, நின்றுபோன காரை மற்ற வண்டிகளுக்குக் காட்டும் தீச்சுடர் விளக்கு. ஐந்து நிமிடம் எரியும், நான்கு வருடத்தில் காலாவதி. பழைய காரில் அதை நம்பாமல் முக்கோணப் பலகை ஒன்று வாங்கிவிடுங்கள். ஜம்பர் வயர், டோர்ச், தண்ணீர், குடை, மகளுக்கு மாற்றுடை. காப்புறுதி நிறுவனத்தின் எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இங்கே சின்ன மோதலுக்கும் அவர்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பதுதான் வழக்கம்.

கொழும்பில் ஆமர் வீதி போன்ற இடங்களில் ஒரு மணிநேர மழைக்கே தண்ணீர் நிற்கும். முன்னால் பஸ் போகிறதே என்று பின்னால் போகாதீர்கள். 30 சென்டிமீட்டர் தண்ணீர் சின்னக் காரை மிதக்கவிடப் போதும்.

வந்து இறங்கியதும் சொல்லுங்கள். அந்த அட்டையை நானே சிங்களத்தில் எழுதித் தருகிறேன். எழுத்துப்பிழையைப் பக்கத்து வீட்டு அம்மா திருத்துவார்.