கேட்டது நீங்கள்: பாட்டு எங்கே வரணும்?

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில் பரமார்த்த குரு கதையைப் பாட்டு நாடகமாகப் போடப் போகிறோம். அரை மணி நேரம்தான் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளோ எல்லாக் கதையும் வேண்டும் என்கிறார்கள். எதை விடுவது, எங்கே பாட்டு வைப்பது?
– ஓர் ஆசிரியை, தண்டையார்பேட்டை

பதில்: ஒரே கதை போதும் டீச்சர், ஆற்றைக் கடக்கிற கதை. குதிரை முட்டையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகள் முறைத்தால் முறைக்கட்டும்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். பல ஆண்டு விழாக்களில் 'ஒரு ஊரில் ஒரு குரு, அவருக்கு அஞ்சு சீடர்' என்று கதையையே மெட்டில் ஒப்பிக்கிறார்கள், இல்லாவிட்டால் இப்போதுதான் பேசி முடித்ததை இன்னொரு தடவை பாட்டாகச் சொல்கிறார்கள், கீழே உட்கார்ந்திருக்கிற அப்பா அம்மா செல்போனை எடுத்துவிடுகிறார்கள். பேச்சில் அடங்காத இடம் வந்தால் மட்டும் பாட விடுங்கள். பாட்டு முடியும்போது கதை கொஞ்சமாவது நகர்ந்திருக்க வேண்டும்.

வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே உங்களுக்கு அந்த இடங்களை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆறு தூங்குகிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான் ஒரு சீடன், 'சுர்ர்' என்று புகைகிறது, ஐயோ முழித்துக்கொண்டிருக்கிறது என்று ஓடிவருகிறான். அந்த ஆறாக யார் நடிப்பது? வேஷம் கிடைக்கவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கும் பிள்ளைகள் இருப்பார்களே, அவர்கள்தான். ஆளுக்கு ஒரு நீலச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு 'சுர்ர்' போடட்டும். அப்புறம் அணைந்துபோன அதே கட்டையை வைக்கும்போது ஒரு சத்தமும் வரக்கூடாது. அந்த அமைதியில் ஆறு பேரும் குசுகுசுவென்று பாடிக்கொண்டே அடிமேல் அடி வைத்துக் கடக்கிறார்கள். முதல் பாட்டு அது.

இரண்டாவது, கரையேறியதும் எல்லோரும் வந்துவிட்டோமா என்று எண்ணுகிற பாட்டு. எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்தோடு நிற்கிறது. ஐந்து தட்டுக்கு டோலக் அடியுங்கள், ஆறாவது தட்டைக் காலியாக விடுங்கள். இரண்டாவது ஆள் எண்ணும்போதே முன்வரிசைக் குழந்தைகள் 'ஆறு' என்று கத்த ஆரம்பித்துவிடும், நீங்கள் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். கடைசியில் வழிப்போக்கன் ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு போடு போட்டு எண்ண வைக்கிறான் பாருங்கள், அவன் கோல் விழுகிற இடம்தான் மூன்றாவது பாட்டின் தாளம், அங்கேதான் அந்த ஆறாவது தட்டு நிரம்புகிறது. மூன்றே பாட்டு, நாலாவது வேண்டாம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், பென்டிரைவில் டிராக் போட்டு வாயசைக்க வைக்காதீர்கள். ஒரு பிள்ளை வசனத்தை மறந்து நின்றால் டிராக் நிற்காது, ஆர்மோனியக்காரர் நிற்பார். மைக் இரண்டுதான் இருக்கும் என்றால் பின்பாட்டுப் பிள்ளைகளை மைக்குக்குப் பக்கத்தில் ஓரமாக உட்கார வையுங்கள், கூத்தில் செய்வதுதானே.

கேள்வி: எங்கள் தெருப் பிள்ளைகள் போடும் நாடகத்தில் கானா வைத்தால், 'சாவு வீட்டுப் பாட்டு சின்னப் பசங்களுக்கு எதுக்கு' என்று பெரியவர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: மேலே சொன்ன கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தன் ஆற்றோடு போய்விட்டான் என்று, உயிரோடு இருக்கும் ஆறு பேரும் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்களே, அங்கே மரண கானாவை விட வேறு எது பொருந்தும்? அழுகையும் கிண்டலும் ஒரே மூச்சில் வருகிற பாட்டு நம்மிடம் இருக்கும்போது கீபோர்டில் மேல்நாட்டு மெட்டைத் தேடுவானேன். வரிகளை மட்டும் பிள்ளைகளே புதுசாகக் கட்டட்டும், இரட்டை அர்த்தம் வந்தால் அடித்துவிடுங்கள். இன்னொன்று, பிள்ளைகள் பாடி நடிப்பது இந்தப் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்தே நாடக சபை நடத்தியவர். அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகள் சென்னைக்கு வந்தால், நம்ம வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகையிலும் ஆடியிருக்கின்றன.

கேள்வி: ரோல்ட் டால் எழுதிய 'மாடில்டா' சிறுவர் நாவலைத் தமிழில் மேடையேற்ற ஆசை. அனுமதி வாங்க வேண்டுமா?
– கல்லூரி மாணவி, காசிமேடு

பதில்: வேண்டும்மா. நம் சட்டப்படி எழுத்தாளர் இறந்த வருஷம் போக அடுத்த 60 வருஷம் உரிமை இருக்கும். ரோல்ட் டால் இறந்தது 1990, ஆக 2050 முடியும்வரை. அந்த நாவலை வைத்து 2010இல் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் அரங்கேறிய இசை நாடகத்தின் வசனமும் பாட்டும் வேறு ஆட்களுடையவை, அதற்குத் தனி அனுமதி. பள்ளி, கல்லூரிக்குள் ஆசிரியரும் மாணவருமாக நடித்து, பெற்றோரும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் மட்டும் பார்ப்பதற்குச் சட்டம் சலுகை தருகிறது, ஆனால் மொழிபெயர்ப்பு உரிமை தனி விஷயம் என்பதால் முதலில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

அந்த நாடகத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள். மாடில்டா நூலகரிடம் சொல்கிற சர்க்கஸ்காரர்கள் கதை நாவலில் கிடையாது, மேடைக்காகச் சேர்த்தது. கொடுமைக்காரத் தலைமையாசிரியை வேஷத்தை அங்கே முதலில் போட்டவர் ஓர் ஆண். ஆண்கள் பெண் வேஷம் போடுகிற ஸ்திரீபார்ட் பார்த்த ஊர்க்காரர்கள் நாம், அசரமாட்டோம்.

அனுமதிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் 'ஆலிஸ்' எழுதிய லூயிஸ் கரோல் (இறந்தது 1898), 'ஜங்கிள் புக்' எழுதிய கிப்ளிங் (1936) இருவரின் கதைகளையும் தாராளமாக எடுக்கலாம். மூலக் கதையை மட்டும்தான், சினிமாக்காரர்கள் போட்ட பாட்டையும் வரைந்த உருவத்தையும் தொடாதீர்கள்.