பரணில் ஏறிய சகாய மாதா

அன்புள்ள ஐயா,

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கும் என் மகள் கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்து ஓவியம் படிக்க விரும்புகிறாள். சில காலமாக ஜெபக்கூட்டங்களுக்குப் போய்வரும் என் கணவர், படமும் சுரூபமும் விசுவாசத்துக்குத் தேவையில்லை, ஓவியம் குடும்பத்துக்குச் சோறும் போடாது என்கிறார். வீட்டைப் புதுப்பித்தபோது மாமியார் காலத்துச் சகாய மாதா படம் கறுத்துப்போயிருந்ததால் பரணில் போட்டுவிட்டு, விளக்கு எரியும் புதிய சுரூபம் ஒன்றை நான்தான் வாங்கி வைத்தேன். மாலையில் ஜெபமாலையைக் கைபேசியில் ஓடவிடுகிறோம். மகள் வந்து உட்காருவதே இல்லை. கலை அவளை விசுவாசத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. சேர்க்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நம் வீடுகளில் பிள்ளைகளின் கண் எங்கே பழகுகிறது என்று நானும் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் நீங்கள் கேட்ட கேள்வியைவிட, போகிற போக்கில் சொல்லிச் சென்ற ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கறுத்துப்போனது என்பதற்காக மாதா படத்தைப் பரணில் போடுவார்களா?

உங்கள் கணவரின் முதல் வாதத்துக்கு நான் அதிகம் செலவிடப் போவதில்லை. படத்துக்குச் செய்யும் வணக்கம் அதில் இருப்பவரையே சேர்கிறது என்று 787இல் நிசேயாவில் கூடிய திருச்சபையின் பொதுச்சங்கம் தீர்த்துவைத்த விவகாரம் அது. சோறு போடுமா என்பது தகப்பனுக்கு வரவேண்டிய கவலைதான். ஆனால் எந்தப் படிப்புக்கும் இன்று அந்தக் கவலை உண்டு.

படத்துக்கு வருகிறேன். ரோமாபுரியில் புனித அல்போன்ஸ் ஆலயத்தில் இருக்கும் மூலப்படத்தை, பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் 1866இல் ரெடம்ப்டரிஸ்ட் துறவியரிடம் ஒப்படைத்த பிறகுதான் அதன் பிரதிகள் உலகமெங்கும் போயின. நம் ஊர்களில் புதன்கிழமை நவநாளும் அந்தப் படத்தை ஒட்டி வந்ததுதான். பொன்னிறப் பின்னணியில், இரு பக்கமும் இரண்டு சம்மனசுகள், அதாவது வானதூதர்கள். ஒருவர் கையில் ஈட்டியும் கடற்காளானும், மற்றவர் கையில் சிலுவையும் ஆணிகளும். அவற்றைக் கண்ட குழந்தை தலையைத் திருப்பியபடி, இரண்டு கைகளாலும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தாய் குழந்தையைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறாள்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி. ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை முடிந்து, எழுந்து ஓடத் துடிக்கும் எங்களை நிறுத்திவைத்து, “பிள்ளை எதைப் பாத்துப் பயந்திருக்கு, சொல்லு” என்பார். அதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த கேள்வி: “செருப்பு ஏன் தொங்குது?” குழந்தையின் ஒரு காலில் செருப்பு வார் தளர்ந்து, விழப்போவதுபோல் தொங்குவதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. அவர் விடையைச் சொல்லவில்லை. நாள்கணக்கில் அந்தச் செருப்பைப் பார்த்தபடியே மங்கள வார்த்தை ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரேதான் சொன்னார்: “ஓடி வந்து அம்ம மேல ஏறியிருக்கான்ல, அதான்.” கடவுளின் மகனும் பயந்தால் அம்மாவிடம்தான் ஓடுவார் என்பதை எந்த ஞானோபதேச வகுப்பிலும் நான் அப்படிக் கற்றதில்லை. ஒரு படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன்.

இதைத்தான் நீங்கள் பரணில் ஏற்றியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக வாங்கிய சுரூபத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று உங்கள் மகளிடம் கேட்டீர்களா? வரையத் தெரிந்த பெண் அவள். அச்சில் வார்த்து, கன்னத்துக்கு ரோஸ் வண்ணம் பூசி, தலையைச் சுற்றி விளக்கு மினுக்கும் ஒரு முகத்தின் முன் அவள் எதைத் தேடி வந்து உட்காருவாள்?

அதைவிட எனக்கு வருத்தம் தருவது அந்தக் கைபேசி. ஐம்பத்துமூன்று முறை உதடு அசைகிற அந்த நேரம் முழுவதும் முழங்காலில் நிற்கும் பிள்ளையின் கண்ணுக்கு வேறு போக்கிடம் கிடையாது; அது படத்தின் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும், நேற்றுப் பார்க்காத ஒன்றை இன்று பார்க்கும். வேறு யாரோ எங்கோ பதிவுசெய்த குரல் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்க, நீங்கள் அடுக்களையிலும் அவர் திண்ணையிலும் இருந்தால் அதற்குப் பெயர் குடும்ப ஜெபமா? மகள் உட்காருவதில்லை என்று புகார் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டில் யார் உட்காருகிறார்கள்? இன்று மாலை அதை அணைத்துவிட்டு, ஜெபமாலையின் இரண்டாம் தேவ இரகசியத்தை அவளையே சொல்லச் சொல்லுங்கள். கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அந்தப் பயம் உங்களுக்கு அவள்மேல் உள்ள பாசம்.

குடும்பமும் கலையும் ஒட்டாது என்று எண்ணும் உங்கள் கணவருக்கு ஒரு செய்தி. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியில், 3,615 பாடல்களுக்கும் தலைவராக நிற்பவர் மனைவியையும் பிள்ளையையும் கைத்தொழிலால் காப்பாற்றிய தச்சரான சூசையப்பர். தமிழ்க் காப்பியத்தின் அத்தனை அலங்காரத்தையும் ஓர் உழைப்பாளி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார் அந்தக் குரு. மகளுக்கு ஆஞ்சலோ த ஃபொன்சேகாவின் ஓவியங்களைத் தேடிக் காட்டுங்கள். கோவாவில் 1902இல் பிறந்த கத்தோலிக்கர். வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்று மாதாவைச் சேலை உடுத்திய நம் பெண்ணாக வரைந்தார். அதற்காகச் சொந்த மண்ணின் கத்தோலிக்கர்களிடமே ஏச்சு வாங்கி, புனேயில் வாழ்ந்து, 1967இல் இறக்கும்வரை வரைந்துகொண்டே இருந்தார். கலை அவரை எங்கும் இழுத்துக்கொண்டு போகவில்லை. விசுவாசிகளின் ஏச்சுதான் அவரைத் தள்ளிவைத்தது. உங்கள் வீட்டில் அது நடக்க வேண்டாம்.

சேருங்கள். சென்னையில் 1850இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது, இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும். கும்பகோணத்துக்கு அவளோடு அவள் அப்பாவையே அனுப்புங்கள். மாணவர்கள் உட்கார்ந்து வரைவதை அவர் ஒரு பகல் முழுக்கக் கூட இருந்து பார்க்கட்டும். வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய ஏலாக்குறிச்சி அங்கிருந்து தொலைவில்லை. மறுநாள் இருவரும் அங்கே ஒரு பூசை கண்டுவிட்டு ஊர் திரும்பலாம்.